லாயமா, மாளிகையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் உள்ள வென்ட்வொர்த் உட்ஹவுஸ் என்னும் பண்ணை மாளிகையின் படங்களைப் பார்த்தபோது, தூண்களும் முற்றமும் கொண்ட ஒரு கட்டடத்தையே மாளிகை என்று எண்ணிவிட்டேன். அது குதிரை லாயம் என்று பிறகுதான் தெரிந்தது. குதிரைகளுக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு?

பதில்: அங்கே முதன்முறையாகச் செல்பவர்களில் பலரும் தங்களைப் போலவே ஏமாறுகிறார்கள். மாளிகையின் கிழக்கு முகப்பு மட்டுமே 606 அடி நீளமுடையது. அதற்கு ஈடுகொடுக்கும் வகையில், 84 குதிரைகள் தங்கக்கூடிய லாயத்தையும் அதனோடு ஒரு குதிரையேற்றக் கூடத்தையும் இரண்டாம் ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக வடிவமைத்தவர் யார்க் நகரக் கட்டடக் கலைஞர் ஜான் கார். கட்டுமானம் 1766இல் தொடங்கியது. இருமுறை பிரிட்டனின் பிரதமராக இருந்த அந்தப் பிரபுவுக்கு அரசியலுக்கு நிகரான ஈடுபாடு பந்தயக் குதிரைகளிலும் இருந்தது. ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 வாக்கில் பின்னணி ஏதுமின்றி ஏறத்தாழ உயிரளவில் தீட்டிய ‘விசில்ஜாக்கெட்’ என்னும் குதிரை அவருடையதுதான்.

ஆயினும் ஆடம்பரம் ஒன்றை மட்டுமே காரணமாகச் சொல்லிவிட முடியாது. பெரிய பண்ணை ஒன்றில் வண்டி இழுக்கும் குதிரைகள், வேட்டைக் குதிரைகள், சவாரிக் குதிரைகள் ஆகியவற்றோடு, விருந்தினர்கள் ஓட்டிவரும் குதிரைகளுக்கும் இடம் வேண்டும். வண்டிக் கொட்டகை, சேண அறை, தீவனக் கிடங்கு, பராமரிப்பாளர்கள் உறங்கும் அறைகள் ஆகியவையும் அருகிலேயே இருந்தாக வேண்டும். இவை அனைத்தையும் ஒரு சதுர முற்றத்தைச் சுற்றி அடுக்கி, வளைவு வாயில் ஒன்றை மட்டும் திறந்துவிட்டால், வண்டிகள் உள்ளேயே திரும்பிக்கொள்ளலாம். கட்டறுத்துக்கொண்ட குதிரையும் வெகுதூரம் ஓடிவிடாது. சாணமும் சந்தடியும் வீட்டாரின் கண்ணில் படாமல் சுவர்களுக்குள் அடங்கிவிடும்.

உள்ளமைப்பில்தான் கலைஞரின் உண்மையான திறமை தெரியும் என்பது என் கருத்து. குதிரைகள் பெரும்பாலும் சுவரைப் பார்த்தபடி, பலகைத் தடுப்புகளுக்கு இடையே கட்டப்பட்டன. வெளிச்சம் நேராக அவற்றின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் சன்னல்களைத் தலைக்கு மேலே, பெரும்பாலும் அரைவட்டமாக அமைத்தார்கள். சிறுநீர் தேங்கினால் எழும் நெடி குதிரையின் கண்களையும் நுரையீரலையும் கெடுக்கும். ஆகவே தரை வடிகாலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். மேல்தளத்தில் உலர்புல் சேமித்து, அங்கிருந்தே கீழுள்ள தீவனச் சட்டங்களில் தள்ளினார்கள். புல் கிடக்கும் தளத்திற்குச் சன்னல்கள் அதிகம் தேவையில்லை. ஆனால், முகப்பின் ஒழுங்கு குலையக்கூடாதே! அதனால் இத்தகைய கட்டடங்கள் பலவற்றில் வெறும் சுவரில் சட்டம் மட்டும் செதுக்கிய பொய்ச் சன்னல்களைக் காணலாம்.

கேள்வி: பரந்த புல்வெளி இருக்கும்போது, கூரைக்குக் கீழே குதிரையேற்றம் பழகியது ஏன்?

பதில்: மழையும் உறைபனியும் ஒரு காரணம், ஈரம் உறைந்த தரையில் குதிரை வழுக்கும். அதைவிட முக்கியமானது, அங்கே பழகிய கலையின் தன்மை. அது வேகமாக ஓட்டும் பயிற்சியன்று. குறுகிய வட்டங்களில் திரும்புதல், நின்ற இடத்திலேயே அடியெடுத்து வைத்தல், முன்னங்கால்களை உயர்த்தி நிற்றல் என மிக நுட்பமானது. குதிரையின் கவனம் சிதறாமலிருக்க நாற்புறமும் சுவர் வேண்டியிருந்தது.

இக்கலைக்காகவே கட்டடங்கள் எழுப்பியவர்களில் நியூகாசில் பிரபுவான வில்லியம் கேவன்டிஷ் தலையாயவர். வெல்பெக்கில் அவருக்காக ஜான் ஸ்மித்சன் 1623இல் ஒரு கூடம் அமைத்தார். டார்பிஷரில் உள்ள போல்சோவர் கோட்டையில் அவர் எழுப்பிய கூடம் இன்றும் நிற்கிறது. ஒரே வரிசைக் கட்டடத்தில் லாயமும் லாடம் அடிக்கும் பட்டறையும் இருக்க, அவற்றோடு ஒட்டியே பயிற்சிக் கூடமும், பார்வையாளர் நின்று காண்பதற்கு ஒரு மேல்மாடமும் இருக்கின்றன. உள்நாட்டுப் போரில் தோற்று ஆண்ட்வெர்ப் நகரில் தஞ்சம் புகுந்திருந்த காலத்திலும் அவர் குதிரைகளைக் கைவிடவில்லை. குதிரையேற்றம் பற்றிய பெருநூலைப் பிரெஞ்சு மொழியில் 1658இல் அங்குதான் வெளியிட்டார்.

கேள்வி: அத்தனை அகலமான கூடத்தின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. அக்காலத்தில் மரத்தைக் கொண்டு இதை எப்படிச் சாதித்தார்கள்?

பதில்: நடுவில் ஒரு தூண் இருந்தாலும் அந்தக் கூடம் பயனற்றதாகிவிடும் என்பதால், இவ்வகைக் கட்டடத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பதே கூரைதான். சுவருக்குச் சுவர் ஒரு நீண்ட விட்டம் போட்டால், அது தன் எடையாலேயே நடுவில் தொய்ந்துவிடும். இரண்டு கைமரங்களைச் சாய்த்து உச்சியில் இணைத்தாலோ, அவை சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். இரண்டையும் முக்கோணமாகப் பூட்டும்போது விட்டம் அந்தத் தள்ளுதலை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உச்சியிலிருந்து கீழிறங்கும் நடுமரத்தைப் பார்த்தால் அது விட்டத்தின் மேல் ஊன்றி நிற்பதாகவே தோன்றும். உண்மையில் அது மேலிருந்து தொங்குகிறது, விட்டம் தொய்யாதபடி அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இத்தகைய முக்கோணச் சட்டங்களை வரிசையாக நிறுத்தினால், கூடத்தை வேண்டிய அளவு நீளமாக்கிக்கொள்ளலாம்; அகலம் மட்டும் கிடைக்கும் மரத்தின் நீளத்திற்கும், அதை இணைக்கும் தச்சரின் திறமைக்கும் கட்டுப்பட்டது. அதனால்தான் இக்கூடங்கள் அகலத்தைவிட நீளத்தில் பெருத்திருக்கின்றன.

கேள்வி: லாய வாயிலின் மேல் கடிகாரம் எதற்கு?

பதில்: தீவனம், நீர், தேய்ப்பு, சவாரி என்று லாயத்தில் எல்லாமே நேரப்படி நடக்க வேண்டியவை. பணியாட்களிடம் கைக்கடிகாரம் இல்லாத காலத்தில், முற்றம் முழுதும் கேட்கும் மணியே போதுமானதாக இருந்தது.

கேள்வி: குதிரைகள் போனபின் இக்கட்டடங்கள் என்னவாயின?

பதில்: ஜேம்ஸ் பெயின் வடிவமைத்த, 80 குதிரைகள் தங்கிய சாட்ஸ்வொர்த் லாயத்தில் இன்று உணவகமும் கடைகளும் நடக்கின்றன. பண்ணை மாளிகை அல்லவெனினும் பிரைட்டன் அரச மாளிகையையும் இங்கே குறிப்பிட வேண்டும். வில்லியம் போர்டன் 1803 முதல் 1808 வரை கட்டிய அதன் குவிமாட லாயம் இப்போது இசையரங்கம். பக்கத்துக் குதிரையேற்றக் கூடமோ தானியச் சந்தையாகிப் பின் கலையரங்கமாயிற்று. தூணற்ற கூடம் எதற்கும் உதவும் என்பதால் பயிற்சிக் கூடங்கள் பெரும்பாலும் முழுமையாகத் தப்பின. மரத் தடுப்புகளுக்கும் தீவனத் தொட்டிகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. இடம் வேண்டுமென்றதும் முதலில் பிடுங்கி எறியப்பட்டவை அவைதான். ஆகவே, பழைய லாயம் எதற்கேனும் தாங்கள் செல்ல நேர்ந்தால், முகப்பைப் பார்ப்பதற்கு முன் உள்ளே தடுப்புகள் எஞ்சியுள்ளனவா என்று பாருங்கள்.