மருந்துக்கு முன் வாக்குச்சீட்டு

அன்புள்ள ஐயா,

ஆபிரிக்கச் சிறுவர்களின் தடுப்பூசிக்காக மாதந்தோறும் சிறு தொகை அனுப்பி வருகிறேன். தடுப்பூசியால் நோயின் வேர் அறாது என்று நீங்கள் எழுதியதை வாசித்தபின், அந்தப் பணம் வீண்தானோ என்று மனம் சஞ்சலப்படுகிறது. வறிய நாடாக இருந்தும் மலேரியாவை ஒழித்த இலங்கை, இலவச வைத்தியசாலைகளே போதும் என்பதற்குச் சான்று அல்லவா?

ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் காசில் ஏறிய ஊசி ஒரு பிள்ளையைச் சின்னமுத்திலிருந்து காக்கும். என் வாக்கியம்தான் முரடாக விழுந்துவிட்டது.

ஆனால் இலங்கையைச் சான்றாகக் காட்டும்போது கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பிறகே, கிராமத்துக்கு ஒரு மருந்தகமும் மருத்துவிச்சியும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, வாக்குக் கேட்டு வந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன 1934-35 மலேரியா கொள்ளைநோய் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாததாக்கியது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் 2016இல் கிடைத்ததற்குப் பின்னால் அத்தனை நீண்ட கதை இருக்கிறது.

அதே நாட்டில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்துக்கு ஏறிப் பாருங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இந்திய வம்சாவளித் தோட்ட மக்கள், 1948இன் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்கிழந்தார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில், தொழிலாளியின் உடல்நலம் பல பத்தாண்டுகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே கிடந்தது. 2016இன் தேசியக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம்; தோட்டப்புறத்தில் சுமார் 32 சதவீதம். இலவச வைத்தியசாலை மட்டுமே போதும் என்றால் இந்த இடைவெளிக்கு என்ன விளக்கம்? கூலி, தோட்டத்து வரிசை வீடான லயன் அறை, குடிநீர், பறிக்கப்பட்ட வாக்கு ஆகியவற்றை விட்டுவிட்டு அதை விளக்க முடியாது.

மைக்கல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு, அதிகாரமும் பணமும் வளங்களும் சமமின்றிப் பகிரப்பட்டிருப்பதைக் களைய வேண்டும் என்று 2008இல் சொன்னது இதைத்தான். நாடுகளுக்கிடையிலும் நிலைமை வேறல்ல: 2022இல் நாம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் நின்றபோது, நோயாளரின் உறவினர்கள் மருந்து கிடைக்காமல், வைத்தியர் எழுதிய துண்டோடு பாமசி பாமசியாக அலைந்ததைக் கொழும்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து விலையிலும் அதிகாரம் இருக்கிறது என்பதைப் பேராசிரியர் சேனக பிபிலே நன்கு அறிந்திருந்தார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக, வணிகப் பெயர்களை விட்டு மூலப்பெயரில், உலகச் சந்தையில் விலைகோரி, நாட்டுக்கு மொத்தமாக மருந்து வாங்கும் முறையை நடத்திக் காட்டினார். பன்னாட்டு மருந்துக் கம்பனிகள் அதை விடாமல் எதிர்த்தன. அவர் கயானாவில் காலமான அதே 1977இல்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.