அறிவியல் டியூஷனுக்கு யாரிடம் அனுப்புவது? வேலூர்ப் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டதும் என் பதிலும்

ஜூன் பிறந்தால் போதும், பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் முதல் பேச்சே டியூஷன்தான். நான் உதவிபெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், இருப்பது காட்பாடி. இப்போது டியூஷன் எடுப்பதில்லை, அதனால் யாரையும் என் பக்கம் இழுக்கும் எண்ணமில்லை. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

சத்துவாச்சாரி, ஓர் அம்மா: பையன் பத்தாவது, ஸ்டேட் போர்டு. பெரிய சென்டரில்தான் சேர்த்திருக்கோம். அறிவியலில் மார்க் இறங்கிக்கொண்டே போகுது, கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேங்கிறான். தனியாக ஒரு நல்ல சாரை எப்படித் தேடுவது?

தேடுவதற்கு முன்னால் அவனுடைய கடைசிப் பரீட்சைத் தாளைக் கையில் எடுங்கள் அம்மா. மார்க் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் ஒரே தாள்தான், ஆனால் உள்ளே நாலைந்து பிரிவு இருக்கிறது. இயற்பியல் ஆறு பாடம், வேதியியல் ஐந்து, தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து பதினொன்று, கடைசியில் கணினி ஒன்று. நிறைய பிள்ளைகளுக்கு உயிரியலில் பிரச்சினையே இருக்காது, ஒளியியல் கணக்கிலும் மோல் கணக்கிலும்தான் கை நின்றுவிடும். அப்படியென்றால் அந்த இரண்டுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் போதும், மொத்த அறிவியலுக்கும் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து அவனைச் சோர்வடைய வைக்க வேண்டாம்.

அப்புறம் ஆளைத் தேடுவது. தெருவில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துப் போகாதீர்கள். போன வருஷம் பத்தாவது முடித்த பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களிலும் முதல் மார்க் எடுத்தவனை விட்டுவிட்டு, ஐம்பதில் இருந்து எழுபதுக்கு வந்த பிள்ளையைக் கேளுங்கள். முதல் மார்க் எடுக்கிறவன் எங்கே போனாலும் எடுப்பான். தடுமாறிய பிள்ளை யாரிடம் தேறியதோ அவர்தான் உங்கள் மகனுக்கு வேண்டியவர்.

ஆள் கிடைத்ததும் ஒரு டெமோ வகுப்பு கேளுங்கள், கூடவே உட்காருங்கள். உங்களுக்குப் பாடம் புரிய வேண்டும் என்று இல்லை. பையன் தப்பாகச் சொல்லும்போது அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். குவிலென்சு, குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தொலைவில் இருக்கிறது, பிம்பம் எங்கே விழும்? பையன் பொருளின் தொலைவுக்கு (யு) போட வேண்டிய மைனஸ் குறியை விட்டுவிட்டு 6 செ.மீ. என்று எழுதிவிட்டான் என்று வையுங்கள். ஒரு சார் உடனே சிவப்புப் பேனாவில் அடித்து, "எத்தனை தடவை சொல்றது, யு-வுக்கு மைனஸ் போடு" என்று அவரே 30 என்று எழுதிக் கொடுத்துவிடுவார். இன்னொருவர், "சரி, ஆறு வந்துச்சு. பொருள் குவியத்துக்கு வெளியே இருக்கும்போது பிம்பம் லென்சுக்கும் குவியத்துக்கும் நடுவிலே விழுமா? படம் போட்டுப் பாரேன்" என்று பென்சிலை அவன் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். அவன் இரண்டு கதிர் வரைவான், அவை பத்தைத் தாண்டிப் போய்ச் சேருவதைப் பார்ப்பான், தானே திரும்பி வந்து குறியைத் திருத்துவான். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் அந்தக் கணக்கை அவன் மார்ச் மாதம் வரை மறக்க மாட்டான். அந்த இரண்டாவது ஆளிடம் சேருங்கள்.

பையன் ஒன்றும் சொல்வதில்லை என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. மார்க்கைப் பற்றிய கேள்வியை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, "இன்னைக்கு சென்டர்ல நீ ஏதாவது கேட்டியா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரிய கூட்டத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அவன் அங்கே படிக்கவில்லை, இருந்துவிட்டு வருகிறான் என்றுதான் அர்த்தம்.

குடியாத்தம், ஒரு நைனா: நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன் சார், தறி வேலை. வாத்தியார் நல்லா சொல்லித் தர்றாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?

உங்களால் கண்டிப்பாக முடியும். சேர்த்து இரண்டு வாரம் கழித்து நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள், போர்டில் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறது. பிள்ளை தானாகப் போட்ட கணக்கு, அதில் தப்பு, பக்கத்தில் அவர் எழுதின குறிப்பு, கீழே திருத்திப் போட்டது, இவை இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. படங்களையும் பாருங்கள். இதயம், நெஃப்ரான், பூவின் பாகங்கள் எல்லாம் பிள்ளை கையால் வரைந்ததா, ஜெராக்ஸ் ஒட்டியதா என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும்.

இன்னொன்று, ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு என்னம்மா படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். ரத்தம் இதயத்துக்குள் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி அது சொல்லிவிட்டால் நீங்கள் கொடுக்கிற ஃபீஸ் வீண் போகவில்லை. நீங்கள் கேட்கக் கேட்க அதற்கும் பாடம் பதியும்.

ராணிப்பேட்டை, ஒன்பதாவது படிக்கும் மாணவி: சார், டவுட் கேட்டால் எல்லார் முன்னாடியும் திட்டுறாங்க. போன வாரம் ஸ்கேலால் அடிச்சாங்க. அப்பாகிட்ட சொன்னா நீதான் கவனிக்கலைன்றாரு.

பாப்பா, நீ கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. புரியவில்லை என்று சொல்லத் தெரிவது படிக்கிற பிள்ளைக்கு முதலில் வேண்டிய தைரியம், உனக்கு அது இருக்கிறது. இதை அப்படியே அப்பாவிடம் காட்டு.

அப்பாவுக்கு: அண்ணே, பிள்ளையை அடிக்க யாருக்கும் உரிமை இல்லை, காசு கொடுத்து அனுப்புகிற இடத்தில் நிச்சயமாக இல்லை. பயத்தில் இருக்கிற பிள்ளை மனப்பாடம் வேண்டுமானால் செய்யும், கணக்குப் போடாது. இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு வேறு இடம் பாருங்கள், நடுவில் ஒரு மாதம் டியூஷன் இல்லாமல் போனால் ஒன்பதாம் வகுப்பில் எதுவும் கெட்டுவிடாது. பாப்பா, வீட்டில் யாரும் கேட்கவில்லை என்றால் 1098 குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். 14417 தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் எண், படிப்பு சம்பந்தமான மனக்கஷ்டத்தையும் அங்கே சொல்லலாம்.

தொரப்பாடி: வருஷ ஃபீஸ் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம். மாதாமாதம் கொடுங்கள். மொத்தமாகக் கட்டிவிட்டால், பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்த பிறகும் காசுக்காக அங்கேயே அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். மாத ஃபீஸுக்கு ஒத்துக்கொள்ளாத இடத்தை விட்டுவிடுங்கள்.

வாலாஜா: பள்ளியில் பாடம் எடுக்கும் அதே சார் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். போகாவிட்டால் உள்மதிப்பெண்ணில் கை வைப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 28-ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், வகுப்பில் புரியாததுதானே டியூஷனுக்கு வருவதற்குக் காரணம், அதே ஆள் அதே பாடத்தைச் சாயங்காலம் வேறு மாதிரி சொல்லப்போகிறார் என்றால் காலையிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாமே. பயத்துக்காகச் சேராதீர்கள். பத்தாவதில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20 மார்க்காவது எடுத்தாக வேண்டும், மொத்தம் 35. செய்முறை ரெக்கார்டை முழுசாக, நேரத்துக்கு முடித்துக் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால் பிள்ளை பக்கம் எந்தக் குறையும் இருக்காது. மிரட்டுவதாகவே தெரிந்தால் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், நாலைந்து பெற்றோர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

ஆற்காடு, ஓர் ஆயா (பேத்தி தட்டச்சு செய்கிறாளாம்): என் பேத்தி அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், ப்ளஸ் ஒன். நீட் எழுதணும்கிறா. இங்கிலீஷ் மீடியம் ஆளுங்களுக்குத்தான் டியூஷன்னு எல்லாரும் சொல்றாங்க.

அம்மா, அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீட் தாள் தமிழிலும் கிடைக்கிறது. தமிழைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும். 180 கேள்வியில் 90 உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் 45, 45. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதனால் பேத்தியைப் பள்ளி மாற்றாமல் இருப்பது முக்கியம்.

டியூஷன் எடுப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் பேத்தி தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வீர்களா?" விசை, உந்தம், முடுக்கம் என்று அவள் சொல்லும்போது அவர் முகம் சுளிக்கக் கூடாது, ஆங்கிலப் பெயரையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பேத்திக்கு: கண்ணு, ஒரு தனி நோட்டில் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் எதிரெதிரே எழுதிக்கொண்டே வா. உயிரியலைப் பாடப்புத்தகத்தை வரி வரியாகப் படித்து நீயே தேறிவிடலாம். காசு செலவழிப்பதாக இருந்தால் இயற்பியலுக்குச் செலவழி.

காந்தி நகர்: சி.பி.எஸ்.இ. பத்தாவது. ஸ்டேட் போர்டுக்கு எடுக்கும் சார் பரவாயில்லையா?

பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், கேள்வி கேட்கும் விதம் வேறு. சி.பி.எஸ்.இ.யில் ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, அதிலிருந்து யோசித்து எழுதச் சொல்லும் கேள்விகள் நிறைய. அந்த மாதிரித் தாளைப் பார்த்துப் பழகியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

பாகாயம்: பையன் நன்றாகப் பேசுகிறான், வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுத்து தலைகீழாகிறது, பாதியில் நின்றுவிடுகிறான். மூன்று டியூஷன் மாற்றியாச்சு.

நாலாவது டியூஷன் தேடாதீர்கள், முதலில் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள். சி.எம்.சி.யில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பத்தாவதில் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம், ஒன்பதாவதிலேயே பள்ளி மூலமாக விண்ணப்ப வேலையை ஆரம்பியுங்கள். அறிவு குறைவு என்று அவனை யாரும் சொல்ல விடாதீர்கள். வாயால் எல்லாம் சொல்கிறானே, அதற்கு மேல் என்ன வேண்டும்? அவனுக்கு வருகிற ஆசிரியர் முதல் பாதி நேரம் பேச்சிலும் படத்திலும் நடத்தட்டும், எழுத்து பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

வேலப்பாடி: பெண் பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தர ஒருவர் கிடைத்திருக்கிறார். வேறு என்ன பார்க்கணும்?

ஹாலில் உட்கார்ந்து படிக்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் நேரமாகப் பாருங்கள். பாடம் சம்பந்தமான செய்தியெல்லாம் உங்கள் போனுக்கே வரட்டும், பிள்ளை நம்பருக்கு ராத்திரி மெசேஜ் வருகிற பழக்கம் கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல மனிதர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆண் பிள்ளைக்கும் இதேதான்.

அணைக்கட்டு: எங்கள் ஊரில் யாரும் இல்லை. வேலூர் போய் வந்தால் எட்டரை மணி ஆகிவிடும். ஆன்லைன் பரவாயில்லையா?

பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருவதைவிடப் பரவாயில்லை. ஆனால் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, பிள்ளை போட்ட கணக்கைப் படம் எடுத்து அனுப்பி அவர் திருத்தி அனுப்ப வேண்டும். வெறும் வீடியோ பார்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம், பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலே வீடியோ வரும், கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது.

காட்பாடி, எம்.எஸ்சி. வேதியியல் மாணவி: நானே பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன். அனுபவம் இல்லை. என்ன சொல்கிறீர்கள் சார்?

தாராளமாக ஆரம்பிம்மா. உன் வயதில் இருக்கிறவர்களிடம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்கும், அது எங்களுக்கு இல்லாத வசதி. நாலைந்து பேரோடு நிறுத்திக்கொள். கைடைத் தள்ளி வைத்துவிட்டு நம்ம ஊரிலிருந்து ஆரம்பி. இங்கே போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக் கிளம்பும். ஏன் என்று கேள். தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது, அதில் அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. வெப்பச் சிதைவு, கடின நீர், அமிலமும் கார்பனேட்டும் சேரும் வினை, மூன்றும் ஒரே பாத்திரத்தில் இருக்கிறது. சமன்பாட்டை அதற்கப்புறம் எழுதச் சொல், தானாகவே சமன் செய்யப் பார்ப்பார்கள்.

உனக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல், மறுநாள் மறக்காமல் சொல். ஃபீஸ் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை ஒன்று இரண்டையும் சேர்த்துக்கொள், மற்ற பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டாம். மாதம் ஒரு தடவை பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு எது வருகிறது என்பதை முதலில் சொல், எது வரவில்லை என்பதை அப்புறம் சொல். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் உப்பு ஆய்வில் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுது, நான் பார்த்துச் சொல்கிறேன்.