வாசகர் கேள்வி பதில்: மும்பை லோக்கலில் அம்மாவோடு போகலாமா?

கேள்வி: அரையாண்டு லீவுக்கு எழுபது வயது அம்மாவையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு மும்பை வருகிறேன். முலுண்டில் அண்ணன் வீட்டில் தங்கல். எனக்கு லோக்கல் டிரெயினில் ஊர் சுற்ற ஆசை. அண்ணனோ "உங்களுக்கெல்லாம் சரிப்படாது, டாக்ஸி வெச்சுக்கலாம்" என்கிறார். கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. போகலாமா, வேண்டாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் நேரத்தையும் திசையையும் பார்த்துத்தான் போக வேண்டும். நீங்கள் கேள்விப்பட்ட கூட்டமெல்லாம் காலையில் எட்டிலிருந்து பதினொன்று வரை தெற்கே ஆபீஸ் போகிறவர்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வடக்கே வீடு திரும்புகிறவர்கள். அந்த நேரத்தில் அந்தத் திசையில் அம்மாவை ஏற்றவே ஏற்றாதீர்கள், இதில் மட்டும் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். பதினொன்றரை மணிக்கு அதே பிளாட்ஃபார்மில் போய் நின்று பாருங்கள், இதுவா அந்த ரயில் என்று இருக்கும்.

முலுண்டில் இருப்பது உங்களுக்கு நல்ல வசதி. அடுத்த ஸ்டேஷனே தாணே, அங்கிருந்தே கிளம்பும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டிகள் உண்டு, அதில் ஏறினால் மதிய வேளையில் மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைத்துவிடும். ஃபாஸ்ட் வண்டிக்கு ஆசைப்பட வேண்டாம். கல்யாண், கர்ஜத், கசாரா பக்கமிருந்து வருகிற ஃபாஸ்ட் ஏற்கெனவே நிரம்பி வரும், பாதி வண்டிகள் முலுண்டில் நிற்கவும் நிற்காது. ஸ்லோவில் தெற்குக் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) போக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆகட்டுமே, வேடிக்கை பார்க்கத்தானே வருகிறீர்கள்? மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: 1853 ஏப்ரல் 16ஆம் தேதி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில், இப்போது சிஎஸ்எம்டி இருக்கிற போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஓடிய 34 கிலோமீட்டர் பாதை இதுதான். முலுண்டிலிருந்து அவன் போகப்போவது அதே தடத்தில்.

லேடீஸ் டப்பாவில் ஏறுங்கள். பெட்டியின் மேல் பச்சைக் கோடு போட்டிருக்கும், பிளாட்ஃபார்மில் அது எங்கே வந்து நிற்கும் என்று அங்கே நிற்கிற பெண்களைக் கேட்டாலே கையைக் காட்டிவிடுவார்கள். பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பையன் அம்மாவோடு அதில் வரலாம், அதனால் உங்கள் மகனுக்குப் பிரச்சினை இல்லை. அண்ணன் கூட வந்தால் அவர் ஜெனரல் பெட்டியில்தான் ஏற வேண்டும். அதனால் இறங்குகிற ஸ்டேஷனையும் அங்கே எந்த இண்டிகேட்டருக்கு (வண்டி நேரம் காட்டும் பலகை) கீழே சந்திப்பது என்பதையும் ஏறுவதற்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குள் போனில் "எங்க இருக்கே, எங்க இருக்கே" என்று கத்திக்கொண்டிருப்பது பெரிய அவஸ்தை.

இறங்குவதுதான் வெளியூர்க்காரர்கள் தடுமாறுகிற இடம். வண்டி ஒரு ஸ்டேஷனில் அரை நிமிஷம் நின்றாலே அதிகம். தாதரில் இறங்கணும் என்றால் மாட்டுங்காவிலேயே எழுந்து வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். முன்னால் நிற்கிற பெண்ணிடம் "தாதர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் தலையாட்டினால் அவருக்குப் பின்னாலேயே நிற்கலாம், இல்லையென்றால் அவரே ஒதுங்கி உங்களை முன்னே விடுவார். எந்தப் பக்கம் பிளாட்ஃபார்ம் வரும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி முழுசாக நிற்கிறவரை அம்மாவின் கையை விடாதீர்கள், சில இடங்களில் வண்டியின் படிக்கும் பிளாட்ஃபார்முக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும். இறங்க முடியாமல் போனால் போகட்டும், அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வரலாம், நகர்கிற வண்டியிலிருந்து மட்டும் குதிக்கக் கூடாது.

சித்திவிநாயகர் கோயிலுக்குத் தாதரில் இறங்கி மேற்குப் பக்கம் வெளியே வந்து டாக்ஸி பிடியுங்கள். தாதரில் பிளாட்ஃபார்ம் எண்களை 2023 டிசம்பரில் மாற்றிவிட்டார்கள்: 1 முதல் 7 வரை வெஸ்டர்ன் லைன், 8 முதல் 14 வரை முலுண்ட் வண்டிகள் ஓடும் சென்ட்ரல் லைன். பழைய எண்களையே மனதில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் வழி சொல்வார்கள், நீங்கள் போர்டைப் பாருங்கள். இன்னொன்று, மும்பை சென்ட்ரல் என்கிற ஸ்டேஷன் வெஸ்டர்ன் லைனில் இருக்கிறது. பெயரைப் பார்த்து உங்கள் லைனில் தேடாதீர்கள்.

திரும்பும்போது நாலு மணிக்குள் வண்டி ஏறிவிடுங்கள். நேரமாகிவிட்டதா, ஒன்பதரை வரை மரீன் டிரைவில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அவசரப்பட்டு ஆறரை மணி வண்டியில் தொற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு, ஆனால் தண்டவாள வேலைக்காகப் பகலில் மெகா பிளாக் என்று சில வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், முதல் நாளே எந்த லைனில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மூச்சு முட்டும் என்று தோன்றினால் ஏசி லோக்கலும் இருக்கிறது, கதவு மூடிக்கொள்ளும், அதற்குத் தனி டிக்கெட். அப்புறம், லோக்கலில் கழிப்பறை கிடையாது. வயதானவர்களோடு வரும்போது இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஸ்டேஷனிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

கேள்வி: அந்தேரியில் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. என் ரயில் அன்று விடியற்காலை எல்டிடி வந்து சேரும். லோக்கலில் எப்படிப் போவது?
- வாசகர், மதுரை

பதில்: எல்டிடியிலிருந்து (குர்லா பக்கத்து லோகமான்ய திலக் டெர்மினஸ்) நடக்கிற தூரத்தில் திலக் நகர் ஸ்டேஷன் இருக்கிறது, அது ஹார்பர் லைன் என்கிற இன்னொரு லோக்கல் தடம். அதில் போனால் குர்லாவிலோ வடாலாவிலோ மாற வேண்டும். பெட்டியோடு, காலை நேரத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு உங்களுக்கு அது வேண்டாம். வெளியே வந்து ஆட்டோவில் காட்கோபர் போய்விடுங்கள், அங்கிருந்து மெட்ரோ நேராக அந்தேரிக்கு விடும். 2014இல் வந்த இந்த வெர்சோவா லைன்தான் நகரின் முதல் மெட்ரோ. சென்ட்ரல் பக்கமிருந்து வெஸ்டர்ன் பக்கம் குறுக்கே போக, தாதர் வரை இறங்கி ஏறாமல் தப்பிக்க இதுவே வழி. எட்டரைக்கு மேல் இதிலும் நெரிசல்தான், அதனால் அதற்கு முன்பே அந்தேரி போய் அங்கே டிபன் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். இன்டர்வியூ இடம் கிழக்கா மேற்கா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள், ஸ்டேஷனின் தப்பான பக்கம் இறங்கினால் சுற்றி வருவதற்குள் நேரம் போய்விடும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் டிக்கெட் க்யூவில் நிற்க வேண்டுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். டூரிஸ்ட் டிக்கெட் என்று கவுன்டரில் கேளுங்கள், 1, 3, 5 நாள்களுக்குத் தருகிறார்கள், லோக்கலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். மெட்ரோவில் அது செல்லாது. செகண்ட் கிளாஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சிவப்பு மஞ்சள் கோடு போட்ட ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் ஏறிவிடாதீர்கள், பார்ப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும், ஊருக்குப் புதுசு என்று சொன்னாலும் டிக்கெட் பரிசோதகர் விடமாட்டார், குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்டண வித்தியாசமும் கட்ட வேண்டிவரும். ஒரே ஒரு தடவைதான் போகப்போகிறீர்கள் என்றால் டூரிஸ்ட் டிக்கெட் எதற்கு, செகண்ட் கிளாஸ் 5 ரூபாயிலிருந்தே இருக்கிறது, மெஷினில் எடுத்துக்கொள்ளலாம்.