விண்டோஸ் 10 மடிக்கணினியை இப்போதே மாற்ற வேண்டாம்

இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ5 சிப் உள்ள விண்டோஸ் 10 மடிக்கணினியைக் கடைக்காரர் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு நின்றது வழக்கமான அப்டேட்தான். உங்களுடையது விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் (ESU) பதிவு செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் போதும், 2026 அக்டோபர் 13 வரை அந்தப் பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் வரும். படங்களையும் ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடத்தில், ஏற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான், நிரம்பினால் சந்தா கட்டச் சொல்லும்.

விண்டோஸ் 11 இலவசம்தான், ஆனால் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது கேட்கும். புதுக் கணினி வாங்கினால் விண்டோஸ் உரிமத்தொகை அந்த விலைக்குள்ளேயே போய்விடும், ரசீதில் தனியாகத் தெரியாது. ஓடுகிற கணினியை அதற்காக மூலையில் போட எனக்கு மனசு வரவில்லை. அப்புறம், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.