ரேடார் டிடெக்டர் வாங்குமுன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: போலீஸார் வேகம் அளப்பதை முன்கூட்டியே எச்சரிக்கும் ரேடார் டிடெக்டரை அலுவலக நண்பர்கள் பலர் காரில் வைத்திருக்கிறார்கள். மகள் வர்ஜீனியாவில் கல்லூரியில் சேர்ந்திருப்பதால் மாதம் ஒருமுறையாவது ஐ-95 சாலையில் போய்வருகிறேன். இணையக் கடையில் ‘16 பாண்ட், 360 டிகிரி’ என்று போட்ட கருவி 60 டாலருக்குக் கிடைக்கிறது. 500 டாலரைத் தாண்டியவையும் இருக்கின்றன. எதை வாங்கலாம்?
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: உங்கள் பயணத்துக்கு இரண்டுமே வேண்டாம். விலையை வைத்து இதைச் சொல்லவில்லை, நீங்கள் போகும் வழியை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் சொந்தக் காரில் ரேடார் டிடெக்டர் வைத்துக்கொள்ளத் தடை உள்ள இடங்கள் வர்ஜீனியாவும் தலைநகர் வாஷிங்டனும்தான்; நீங்கள் போவதோ சரியாக அந்தப் பக்கம். மின் இணைப்பு இல்லாமலும், ஓட்டுபவருக்கோ உடன் வருபவருக்கோ கை எட்டாத இடத்திலும் இருந்தால் குற்றமாகாது என்று வர்ஜீனியச் சட்டம் விலக்குத் தருவதால், எல்லைக்கு முன்பே வண்டியை நிறுத்திக் கருவியை டிக்கியில் பூட்டிவைத்துக்கொண்டு போகலாம். ஆனால் எந்தச் சாலைக்காக 500 டாலர் கொடுத்து வாங்கினீர்களோ அந்தச் சாலையில் அது டிக்கியில்தான் கிடக்கும். தெரியாமல் பயன்படுத்திவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். இந்தக் கருவிகளின் உள்ளே ஓடும் அலையியற்றியிலிருந்து சிறிதளவு ரேடியோ அலை வெளியே கசியும், அதை மோப்பம் பிடிப்பதற்கென்றே போலீஸாரிடம் வேறொரு கருவி இருக்கிறது.

வர்ஜீனியாவில் ஓட்டுபவர்கள் டிடெக்டரைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குறித்த வேகத்துக்கு மேல் மணிக்கு 20 மைல் போனாலும், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் மணிக்கு 85 மைலைத் தாண்டினாலும், அங்கே அதை வெறும் வேக மீறலாகக் கொள்ளாமல் பொறுப்பற்ற ஓட்டுதல் என்னும் குற்றமாகப் பதிவு செய்யலாம். அதற்கு அதிகபட்சத் தண்டனை 12 மாதச் சிறையும் 2,500 டாலர் அபராதமும். 70 மைல் சாலையில் 86 என்பது பக்கத்து மாநிலங்களிலிருந்து வருபவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும். விசாவில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் படியுங்கள்: அபராதத்தைக் கட்டித் தலைமுழுகிவிடலாம், குற்றப் பதிவு அப்படிப் போகாது.

நியூ ஜெர்சிக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு வேறு கணக்கு. ‘16 பாண்ட்’, அதாவது 16 அலைவரிசை, என்பது அட்டைப்பெட்டிக்கு மட்டுமே பெருமை. அமெரிக்கப் போலீஸார் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய கே பாண்டும், 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேஏ பாண்டும், அவற்றுடன் ஒளிக்கற்றையால் வேகத்தை அளக்கும் லேசரும்தான். பழைய எக்ஸ் பாண்டு ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. மீதி எண்ணிக்கையெல்லாம் வேறு நாட்டு அலைவரிசைகளையும் காலாவதியானவற்றையும் சேர்த்து நீட்டிய பட்டியல். மலிவான கருவி கோட்டைவிடுவது பெரும்பாலும் கேஏ பாண்டில், அதாவது உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில்.

நல்ல கருவி எப்படி முன்கூட்டியே அறிகிறது என்று கேட்பவர்களுக்கு: இருட்டில் வயல் வரப்பில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தால், அந்த ஒளியில் அவர் உங்களைக் காண்பதற்கு வெகு முன்பே நீங்கள் அவருடைய டார்ச்சைப் பார்த்துவிடுவீர்கள். ரேடார் அலையும் காரில் பட்டுத் திரும்பி வந்தால்தான் போலீஸாருக்கு உங்கள் வேகம் தெரியும்; உங்களுக்கோ ஒருவழிப் பயணமே போதும். இந்த அனுகூலம் டார்ச் எரிந்துகொண்டே இருக்கும் வரைதான். அனுபவமுள்ள அதிகாரி ரேடாரை அணைத்து வைத்திருந்து, நீங்கள் அருகில் வந்ததும் பொத்தானை அழுத்துவார். லேசர் இன்னும் மோசம்: 1,000 அடி தூரத்திலும் அதன் கற்றை ஏறக்குறைய 3 அடிதான் விரியும் என்பதால், குறிவைத்த கார் எதுவோ அதன்மேல்தான் ஒளி படும், அளவீடும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். நண்பர் ஒருவரின் காரில் போனபோது, பாலத்தடியில் நின்ற போலீஸ்காரர் நிமிர்த்திப் பிடித்த லேசர் வேகமானித் துப்பாக்கியை நான் கண்ணால் பார்த்த அதே நேரத்தில்தான் டிடெக்டர் ‘லேசர், லேசர்’ என்று கத்தியது. நண்பர் பிரேக்கை மிதித்தார். அதற்குள் வேகம் பதிவாகியிருந்தது. விலை உயர்ந்த கருவிதான் அது.

ஆகவே முதலில் வேஸ் (Waze) என்னும் வழிகாட்டிச் செயலியைக் கைபேசியில் நிறுவிப் பாருங்கள். முன்னால் போனவர்கள் கண்டு சொல்வதால் ரேடார், லேசர் என்ற பேதம் அதற்கு இல்லை, காசும் இல்லை. இரவில் ஆளில்லாத சாலையில் மட்டும் அதற்குச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட சாலையில் அடிக்கடி போகிறவருக்குத்தான் நல்ல டிடெக்டர் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

கேள்வி: மூன்று வாரம் முன்பு வாங்கிய டிடெக்டர் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஓயாமல் அலறுகிறது. பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கலாமா?
(வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

பதில்: அநேகமாக அது பழுதாக இருக்காது. பல கார்களின் பின் பம்பருக்குள், பக்கத்துத் தடத்தில் வண்டி வருகிறதா என்று பார்க்கும் சிறு ரேடார் இருக்கிறது. அவற்றில் ஏராளமானவை வேலை செய்வதும் அதே 24 கிகாஹெர்ட்ஸில்தான். மருந்துக் கடையின் தானியங்கிக் கதவும் அப்படியே. உங்கள் கருவிக்கு எல்லாமே போலீஸ். கார் ரேடாரைப் பிரித்தறிந்து ஒதுக்கும் வடிகட்டியும், தினமும் கடக்கும் கடைக் கதவை ஜிபிஎஸ் மூலம் நினைவில் வைத்து அந்த இடத்தில் மட்டும் வாய் மூடிக்கொள்ளும் வசதியுமே நல்ல கருவியையும் மட்டமான கருவியையும் பிரிக்கின்றன. எத்தனை மைல் தூரத்தில் பிடிக்கும் என்று மட்டும் விசாரிப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. 1992-இல் வந்த வேலன்டைன் ஒன், சமிக்ஞை முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்று அம்புக்குறியால் காட்டியது ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்பது, காரணம் தெரியாத அலறலைக் கேட்டுக்கொண்டே ஓட்டியவர்களுக்குத்தான் புரியும்.

தயாரிப்பாளர் தளத்திலிருந்து மென்பொருளைப் புதுப்பியுங்கள். அமைப்பில் எக்ஸ் பாண்டை அணைத்து, கே பாண்டு வடிகட்டியை இயக்குங்கள். டேஷ்கேம் இருந்தால் அதன் ஒயரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். சில கேமராக்களின் மின் இரைச்சலுக்கும் டிடெக்டர் கத்தும். பிறகு இரவில், சுற்றிலும் காரோ கடையோ இல்லாத வாகன நிறுத்துமிடத்தில் எஞ்சினை இயங்கவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அங்கேயும் அலறினால் பழுது என்று தயங்காமல் சொல்லலாம். பல கடைகளில் திருப்பித் தரும் கெடு 30 நாள் என்பதால், இந்தச் சோதனையை இந்த வார இறுதிக்குள் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று: கலிபோர்னியாவில் டிடெக்டர் வைத்திருக்கலாம், ஆனால் முன்கண்ணாடியில் பொருள் மாட்டுவதைச் சில விதிவிலக்குகளுடன் சட்டம் தடுக்கிறது. உறிஞ்சுகுப்பியால் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் எடுத்து டேஷ்போர்டின் மேல் வையுங்கள்.

கேள்வி: லேசர் ஜாமர் பொருத்தித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். ‘பார்க்கிங் சென்சார் என்று பில் போடுகிறோம், பிரச்சினை வராது’ என்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், டாலஸ், டெக்சஸ்)

பதில்: பில்லில் வேறு பெயர் எழுதும் கடையிடம் எதையும் வாங்காதீர்கள், நாளை அது கெட்டுப்போனால் எந்தப் பொருளுக்கு உத்தரவாதம் கேட்பீர்கள்? டிடெக்டர் காது மட்டும்தான். ஜாமர் எதிர்ச் சமிக்ஞை அனுப்பிப் போலீஸாரின் அளவீட்டைக் கெடுக்கிறது. ரேடார் அலையைக் குலைக்கும் ஜாமரை விற்பதும் பயன்படுத்துவதும் நாடு முழுவதும் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். லேசர் என்பது ரேடியோ அலை இல்லை, ஒளி என்பதால் அந்தச் சட்டம் அதைத் தொடுவதில்லை. இந்த இடைவெளியைத்தான் கடைக்காரர்கள் ‘சட்டப்படி சரி’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். ஆனால் பல மாநிலங்கள் தாங்களாகவே தடை போட்டிருக்கின்றன. டெக்சஸ் அவற்றில் ஒன்று, கலிபோர்னியாவும் வர்ஜீனியாவும்கூட.

கேள்வி: பஃபலோவில் இருக்கும் மைத்துனர் பயன்படுத்தாத டிடெக்டர் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். அமெரிக்கா போகும்போது மட்டும் எடுத்துக்கொள்வேன்; ஒன்டாரியோவில் மாட்டப்போவதில்லை. பையில் வைத்துக்கொண்டு வரலாமா?
(வாசகர், ஸ்கார்பரோ, டொரண்டோ)

பதில்: வரக் கூடாது. வர்ஜீனியா தரும் விலக்கு ஒன்டாரியோவில் இல்லை. டிடெக்டர் வாகனத்துக்குள் இருந்தாலே குற்றம். அணைந்திருந்தது, பைக்குள் இருந்தது என்ற வாதங்கள் எடுபடா. சந்தேகம் எழுந்தால் பிடியாணை இன்றியே காரைச் சோதிக்கவும் கருவியைப் பறிமுதல் செய்யவும் போலீஸாருக்கு அதிகாரம் உண்டு. அபராதத்தோடு ஓட்டுநர் பதிவில் 3 தண்டப் புள்ளிகளும் ஏறும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன் ஆகிய மாகாணங்களில்தான் இதற்கு அனுமதி. கருவி பஃபலோவிலேயே மைத்துனர் வீட்டில் இருக்கட்டும். அங்கே போகும்போது எடுத்துக்கொண்டு, திரும்பும்போது எல்லையிலுள்ள பீஸ் பிரிட்ஜ் பாலத்துக்கு வருமுன் அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.