முடிவேரும் பாலிஅமீன்களும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆடி மாதம் என் மகள் 10 நாள் கடும் காய்ச்சலில் படுத்து எழுந்தாள். ஐப்பசி பிறந்ததிலிருந்து தலை சீவச் சீவ முடி கொத்துக் கொத்தாக வருகிறது. 'ஸ்பெர்மிடின்' மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் பாலிஅமீன் கூடி முடி வளரும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், அம்மா. சீப்பில் சிக்கிய முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் அடியில் கடுகைவிடச் சிறிதாக ஒரு வெள்ளைக் குமிழ் தெரிந்தால், அது வளர்ச்சியை முடித்து ஓய்வுக்குப் போன முடி. கடும் காய்ச்சலின்போது ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் வேரிலேயே தங்கியிருந்து, பிறகு சேர்ந்தாற்போல் உதிர்கின்றன. ஆடிக்கும் ஐப்பசிக்கும் உள்ள இடைவெளி இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இது தானாகவே நின்றுவிடும். பழனியில் மொட்டை போட்ட பிறகும் முடி முளைப்பது, கத்தி படாத வேர்க்குமிழ் தோலுக்கடியில் உயிரோடு இருப்பதால்தான். உங்கள் மகளுக்கும் அந்த வேர் அப்படியே இருக்கிறது.

உறவினர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி புட்ரெசினை உண்டாக்குகிறது; அதிலிருந்து ஸ்பெர்மிடினும், பின்னர் ஸ்பெர்மினும் உருவாகின்றன. இந்த மூன்றும்தான் பாலிஅமீன்கள். செல் பிரிவதற்கும் புரதம் தயாரிப்பதற்கும் இவை இன்றியமையாதவை என்பதால், தோலின் அடியடுக்கிலும், அதைவிட வேகமாகச் செல் பெருகும் முடிவேர்க்குமிழிலும் இவற்றின் தேவை மிகுதி. ஆனால் அடியடுக்கில் பிறந்த செல், மேலே ஏறி முதிர்ந்து தோலாக வேண்டுமானால், பெருகுவதை நிறுத்தியாக வேண்டும். அதனால்தான் அந்த நொதியை ஒரு மணி நேரம்கூட நிலைக்க விடாமல் செல்லே அழித்து, அளவைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

அந்த அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் பதறும். ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு, நொதி அழியாமல் தேங்கிவிடும் பாக்மன்-பப் என்ற அரிய நோய் 2018இல் அறியப்பட்டது. இக்குழந்தைகள் முடியோடு பிறந்து, சிறிது காலத்திலேயே தலைமுடியையும் புருவத்தையும் இழக்கிறார்கள். அமெரிக்காவில் இந்நோயுள்ள ஒரு சிறுமிக்கு, அந்த நொதியைத் தடுக்கும் எஃப்லோர்னிதின் கொடுத்தபோது முடி திரும்ப முளைத்தது. ஆகவே பாலிஅமீன் கூடினால் முடியும் கூடும் என்று கணக்குப் போட முடியாது. தலைத்தோலிலிருந்து எடுத்த முடிவேர்களின் வளர்ச்சிக் காலத்தை ஸ்பெர்மிடின் நீட்டித்ததாக 2011இல் வெளியான ஆய்வு, கண்ணாடிக் கலத்தில் வளர்த்த வேர்களில் நடந்தது; வாய்வழி விழுங்கும் மாத்திரைக்கு அதை அப்படியே பொருத்த இயலாது.

பச்சைப்பயறு, சோயா, காளான் ஆகியவற்றில் ஸ்பெர்மிடின் இயல்பாகவே உண்டு. அவற்றைத் தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். ஆறு மாதம் கடந்தும் உதிர்வு நிற்காவிட்டாலோ, வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டி, இரும்புச் சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகத்தில் வளரும் முடிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த எஃப்லோர்னிதின் களிம்பை நிறுத்தியதும் முடி பழையபடி வந்துவிட்டது. களிம்பு போலியா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முடி திரும்பியதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன அதே மருந்துதான் இது. முக முடிக்கான களிம்பாக அமெரிக்காவில் 2000இல் அனுமதி பெற்றது. வேரில் பாலிஅமீன் உற்பத்தியைக் குறைத்து, முடி வளரும் வேகத்தைத் தணிக்குமே தவிர, வேரை அழிக்காது. நிறுத்திய சுமார் 8 வாரங்களில் பழைய வளர்ச்சி திரும்பும். மாதவிலக்கும் ஒழுங்கில்லாமல் இருந்தால், ஹார்மோன் பரிசோதனை குறித்து அதே மருத்துவரிடம் கேளுங்கள்.