தட்டில் இருப்பது எலுமிச்சையா?

அன்புள்ள அக்கா,

நாங்கள் பசடேனாவுக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறோம். எனக்கு மென்பொருள் வேலை. மகள் போன வருடம் பள்ளி முடித்தாள். யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் உயிரியலுக்கு இடம் கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) சேர்ந்து கலை வரலாறு படிக்கிறாள். இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிக்கொள்வாளாம். ஊரில் கேட்பவர்களிடம் "காலேஜ் போகிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் ஓவியம், சிற்பம் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. பசடேனாவில் இருக்கும் கலை மியூசியத்துக்குள் நாங்கள் போனதே இல்லை, புத்தாண்டுப் பூத்தேர் ஊர்வலமான ரோஸ் பரேடு பார்க்கத்தான் அந்தத் தெருவுக்கே போவோம். இரண்டு வருடம் வீணாகிவிடுமா? டிரான்ஸ்ஃபர் உறுதியா? இந்தப் படிப்பால் என்ன பிரயோஜனம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்த வாரம் பழைய பெட்டி ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தேன். அடியில் 2002இல் நான் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை கிடந்தது, ஓரமெல்லாம் ஆசிரியையின் பச்சை மைக் குறிப்புகள். அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உங்கள் கேள்விகளை முதலில் பார்த்துவிடுவோம். வீணாகாது. கலிபோர்னியாவின் உயர்கல்வி அமைப்பே இதற்காகக் கட்டப்பட்டதுதான். 1960இல் வகுத்த திட்டப்படி, நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு யூசி, அடுத்த நிலைக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள், கம்யூனிட்டி காலேஜ் மட்டும் யார் வந்தாலும் திறந்திருக்கும், அங்கிருந்து மேலே போகவும் வழி இருக்கும். அங்கே பாடத்தை யூனிட் கணக்கில்தான் அளப்பார்கள். யூனிட்டுக்கு 46 டாலர் என்றால் இரண்டு வருடத்துக்கான அறுபது யூனிட்டுக்கு 2,760 டாலர், பல கல்லூரிகளில் முதல்முறையாக முழுநேரம் சேருகிறவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்கிறார்கள். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாக ஏற்கப்படும் என்பதை அஸிஸ்ட் இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் மகள் ஏற்கெனவே பார்த்திருப்பாள். யூசியின் ஆறு வளாகங்கள் நிபந்தனைகளோடு இடம் உறுதி தருகின்றன, செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் அந்த உறுதியைத் தருவதில்லை, போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு வெளிநாட்டு மொழியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள், பிரெஞ்சோ ஜெர்மனோ, மேற்படிப்பு என்று வந்தால் கட்டாயம் தேவைப்படும். பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். சரி, அது போதும்.

"காலேஜ் போகிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? பத்தொன்பது வயதுப் பெண், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, பெற்றவர்களுக்கு ஒரு பெருந்தொகையை மிச்சம் பிடித்துக் கொடுத்துப் படிக்கிறாள். அதை நீங்கள் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டிய வியாதி போல வைத்திருக்கிறீர்கள். நீங்கள் ஊருக்கு போன் பேசும்போது அடுத்த அறையில் அவள் இருப்பாள். கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். இதை இன்றோடு நிறுத்துங்கள்.

இதைவிட என்னை உறுத்தியது இன்னொரு வரி. வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது என்கிறீர்களே, அது. நீங்கள் போகாமல் விட்ட அந்த மியூசியம் நார்ட்டன் சைமன்தான். ரோஸ் பரேடு ஆரஞ்ச் குரோவ் சாலையிலிருந்து கொலராடோ புலவார்டுக்குத் திரும்பும் முனையிலேயே இருக்கிறது. அதே ஊர்வலம் அதே தெருவில் கிழக்கே போய் பசடேனா சிட்டி காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜின் வாசலையும் தாண்டும். வருடாவருடம் பூத்தேரைப் பார்த்துக்கொண்டு நீங்கள் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே, சுவருக்கு அந்தப் பக்கம், உங்கள் மகளின் பாடப்புத்தகம் மொத்தமும் நிஜமாக நிற்கிறது.

நான் கல்யாணமாகி, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் வந்தவள். அப்போது அதில் வேலை பார்க்க அனுமதி இருக்கவில்லை, படிக்கலாம். ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தேன். அப்புறம் பஸ் வசதி இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அப்போது யூனிட்டுக்கு 11 டாலர், மூன்று யூனிட் வகுப்புக்கு 33. இரவு ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு இரண்டு ஸ்லைடு புரொஜெக்டரில் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். என் வலது பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், இடது பக்கம் மருத்துவமனை சீருடையோடு நேராக வேலையிலிருந்து வரும் ஒரு பெண், பின்னால் பதினெட்டு வயதுப் பையன்கள். யாரும் யாரையும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டதில்லை.

முதல் கட்டுரைக்கு ஆசிரியை ஒரே விதிதான் போட்டார். ஏதாவது ஒரு மியூசியத்துக்குப் போங்கள், ஒரே ஒரு படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள், பார்த்ததை எழுதுங்கள். அர்த்தம் சொல்லக் கூடாது, அழகு என்ற வார்த்தை வரக் கூடாது, யாரும் எழுதியதைப் படித்துவிட்டு வரக் கூடாது. நான் நார்ட்டன் சைமனில் சுர்பரான் 1633இல் வரைந்த ஓவியத்தின் முன்னால் போய் நின்றேன். ஸ்பெயின்காரர். அவர் கையெழுத்தும் தேதியும் போட்ட பொருள்-ஓவியம் (பழம், பாத்திரம் மாதிரிப் பொருட்களை மட்டும் வரைவது) இன்று தெரிந்தவரை அது ஒன்றுதான் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று பார்த்தது இவ்வளவுதான்: பின்னால் முழு இருட்டு, முன்னால் ஒரு மேஜை, அதில் வரிசையாக மூன்று. இடது பக்கம் உலோகத் தட்டில் மஞ்சள் பழங்கள். நடுவில் கூடை நிறைய ஆரஞ்சு, மேலே இலையும் பூவும். வலது பக்கம் இன்னொரு தட்டில் தண்ணீர்க் கோப்பை, தட்டின் விளிம்பில் ஒரு ரோஜா. ஒன்றை ஒன்று தொடவில்லை. வெளிச்சம் இடது பக்கமிருந்து வருகிறது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, இன்னும் ஐம்பது நிமிடம் என்ன செய்வது என்று நின்றேன்.

அப்போதுதான் அந்த மஞ்சள் பழங்களைச் சரியாகப் பார்த்தேன். தலைப்பில் எலுமிச்சை என்று இருக்கிறது. ஆனால் எலுமிச்சைக்கு ஏது அவ்வளவு தடித்த தோல், அவ்வளவு மேடு பள்ளம், நுனியில் அப்படி ஒரு முலை? எங்கள் பாட்டி சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்துக் காயப்போடும் நார்த்தங்காய் அது. அந்தத் தோலைத் தொட்டால் விரலில் என்ன ஒட்டும் என்று எனக்குத் தெரியும். கசப்பு நாக்கில் வந்தது. படம் முழுக்க எனக்கு மாறிப்போனது. இடது பக்கம் கசப்பு, நடுவில் இனிப்பு, வலது பக்கம் வெறும் தண்ணீர் என்று மூன்றும் தனித்தனியாக நிற்பது அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது. நார்த்தங்காய்க்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று அன்று எனக்குத் தெரியாது. தோலை வர்ணித்து, உப்பு அடைப்பதை எழுதி, "எங்கள் வீட்டில் இதற்கு வேறு பெயர்" என்று முடித்திருந்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருக்கிறது: இதை இன்னும் சொல்.

அந்த மூன்று சொல்லில்தான் நான் டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பித்தேன், பட்டம் வாங்கினேன், இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தைக் கன்னி மரியாவுக்கான காணிக்கை என்று வாசிக்கிறார்கள், தண்ணீரும் ரோஜாவும் அவளுடைய தூய்மை என்கிறார்கள், அந்த வாசிப்பை மதிக்கிறேன், பல்கலைக்கழகத்தில் அதைத்தான் விரிவாகப் படித்தேன். ஆனால் அது இரண்டாவது படி. முதலில் தட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். அதை எனக்கு ஒரு மாலை வகுப்பில், முப்பத்துமூன்று டாலருக்கு, இருபத்தைந்து பேருடைய கட்டுரையையும் வரி வரியாகத் தானே படித்த ஒரு ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். பெரிய பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முந்நூறு பேர் உட்கார்ந்த அரங்கில் எனக்கு அது கிடைத்திருக்காது.

பிரயோஜனம் கேட்டீர்கள். சிவபுரம் நடராஜர் கதை தெரியுமா? கும்பகோணம் பக்கம். பழுதுபார்க்கப் போன இடத்தில் மூலச் சிலையை எடுத்துக்கொண்டு நகலைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது போலி என்று எழுதினார். அசல் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அந்த மியூசியத்துக்குப் பெயர் கொடுத்த நார்ட்டன் சைமனிடம்தான், ஒன்பது லட்சம் டாலருக்கு. இந்திய அரசு வழக்குப் போட்டது, சமரசமாயிற்று, 1986இல் சிலை திரும்பி வந்தது. உற்றுப் பார்க்கப் பழகிய கண் இல்லாமல் அந்த வழக்கே எழுந்திருக்காது. வேலை என்ன கிடைக்கும் என்ற பட்டியலை நான் போடப் போவதில்லை, அதை உங்கள் மகள் பார்த்துக்கொள்வாள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வரும் சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டுக்கொண்டு அங்கே போங்கள். அவள் பேசட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள், கடிகாரம் பார்க்காதீர்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று எழுதினீர்களே, ஊறுகாய் போடுகிறவர்கள் உங்கள் வீட்டில் கட்டாயம் இருப்பார்கள். சுர்பரான் முன்னால் அவரை நிற்கவைத்து அந்தத் தட்டில் இருப்பது நார்த்தையா கடாரங்காயா என்று கேளுங்கள். இருபது வருடமாக எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா